காபிக் கோப்பையில் கைரேகை

ஒரு மணி நேரத் துப்பறியும் தொடரில் விளம்பரத்தைக் கழித்தால் மிஞ்சுவது 40 நிமிடம் சொச்சம். அதற்குள் பிணம் விழும், மூன்று பேர் மேல் சந்தேகம் வரும், மூவரும் தப்பிப்பார்கள், யாரும் கண்டுகொள்ளாத நான்காவது ஆள் விலங்கோடு போவார். மறுநாள் காலையில் அந்தக் கொலைகாரனின் பெயரைக் கேட்டால் ரசிகைக்குச் சொல்லத் தெரியாது. விசாரணைக்கு நடுவே துப்பறியும் பெண் தன் கூட்டாளியை ஓரக்கண்ணால் பார்த்தாளே, அது மட்டும் இம்மி பிசகாமல் நினைவிருக்கும். அவன் அதைக் கவனித்தானா இல்லையா என்று வாரம் முழுக்க வாதாடவும் தயாராக இருப்பாள்.

இந்த ரசிகையைக் கண்டு தொடர் எடுப்பவர்களுக்கு எப்போதும் ஒரு பயம். ஜோடி சேர்ந்துவிட்டால் இவள் டிவியை அணைத்துவிட்டுப் போய்விடுவாள் என்று நினைக்கிறார்கள். அதனால் சேர விடாமல் இழுப்பார்கள், சேர்ந்தால் பிரிப்பார்கள். இப்படி நினைப்பது தப்பு என்பதற்கு அமெரிக்கத் தொலைக்காட்சியிலேயே போதுமான சாட்சியம் இருக்கிறது. அதைப் பார்க்கச் சரியான இடம், 2009 முதல் 2016 வரை ஏபிசி சேனலில் 173 அத்தியாயங்கள் ஓடிய 'கேசில்'.

ரிச்சர்ட் கேசில் மர்ம நாவல்கள் எழுதிப் பணமும் பேரும் குவித்தவன். அவன் நாவல்களில் வருவது போலவே நியூயார்க்கில் யாரோ கொலைகளைச் செய்துவைக்க, விசாரிக்க வரும் போலீஸ் துப்பறிவாளர் கேட் பெக்கெட் அவனைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கிறாள். ஆளைப் பார்த்ததும் எழுத்தாளனுக்கு அடுத்த கதாநாயகி கிடைத்துவிடுகிறாள். நகர மேயர் நண்பர் என்பதால், 'ஆராய்ச்சி' என்று சொல்லிக்கொண்டு அவள் பின்னாலேயே சுற்ற அனுமதியும் வாங்கிவிடுகிறான். ஆண்ட்ரூ மார்லோ உருவாக்கிய தொடர். கேசிலாக நேதன் ஃபிலியன், பெக்கெட்டாக ஸ்டானா கேட்டிக்.

ஏபிசியும் டிஸ்னி குடும்பத்துப் பதிப்பகமும் சேர்ந்து இதில் ஒரு குறும்பு செய்தன. கதைக்குள் கேசில் எழுதுவதாகச் சொல்லப்படும் 'ஹீட் வேவ்' நாவலை, ஆசிரியர் ரிச்சர்ட் கேசில் என்றே போட்டு 2009-ல் நிஜமாகவே புத்தகக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். அட்டையில் ஃபிலியனின் படம். புத்தகம் நியூயார்க் டைம்ஸ் பட்டியலிலும் ஏறியது. நாவலின் நாயகி நிக்கி ஹீட் பெக்கெட்டின் நகல், கூடவே சுற்றும் பத்திரிகையாளன் ஜேம்சன் ரூக் கேசிலின் நகல் என்பதைப் புரிந்துகொள்ளத் துப்பறியும் திறமை எதுவும் வேண்டியதில்லை. நாவலில் அந்த இருவரும் முதல் புத்தகத்திலேயே நெருங்கிவிட்டார்கள். திரையில் அசலானவர்கள் நெருங்க மேலும் மூன்று வருடம் ஆனது. எழுத்தாளன் மனதில் இருப்பது இதுதான் என்று ரசிகையின் கையில் அச்சிட்ட சாட்சியமே வந்து சேர்ந்துவிட்டது. அப்புறம் அவள் ஏன் விடப் போகிறாள்?

அவளுக்குத் தடயங்கள் அற்பமானவையாக இருந்தாலும் போதும். கேசில் தினமும் பெக்கெட்டுக்குக் காபி வாங்கி வருவான். தொடரில் யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. கோப்பை கை மாறும், வேலை தொடரும். கோப்பை வராத காலை ரசிகைக்கு அபாயச் சங்கு. அவன் கோபமாக இருக்கிறானா, வேறு யாரோடாவது இருக்கிறானா என்று அங்கேயே விசாரணை தொடங்கிவிடும். பெக்கெட் கையில் கட்டியிருப்பது அவள் அப்பாவின் கடிகாரம். குடியில் விழுந்த அவரை மீட்டதன் நினைவு. கழுத்துச் சங்கிலியில் தொங்குவது கொலையுண்ட அம்மாவின் மோதிரம். முதல் சீசனிலேயே அவள் வாயால் இதைச் சொல்லிவிடுகிறாள். அன்றிலிருந்து அந்தச் சங்கிலி உடைக்கு வெளியே தெரிகிறதா, உள்ளே மறைந்திருக்கிறதா என்பதைக் கூடப் பார்த்துவைக்கும் கூட்டம் ஒன்று உருவானது. இருவர் பெயரையும் ஒட்டி 'கேஸ்கெட்' என்று ஜோடிக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

மூன்றாம் சீசன் 2011 மே மாதம் ஓர் இடுகாட்டில் முடிந்தது. உயரதிகாரியின் அடக்கச் சடங்கில் பேசிக்கொண்டிருக்கும் பெக்கெட் மீது குண்டு பாய்கிறது. புல்தரையில் கிடக்கும் அவளிடம் கேசில் தன் காதலைச் சொல்கிறான். நான்காம் சீசன் தொடங்கும்போது பிழைத்து எழுந்தவள், அன்று நடந்தது எதுவும் நினைவில்லை என்கிறாள். பொய். ரசிகைக்குத் தெரியும், கேசிலுக்குத் தெரியாது. சில மாதம் கழித்து விசாரணை அறைக் கண்ணாடிக்குப் பின்னால் அவன் நின்றிருக்கும்போது, உள்ளே ஒரு சந்தேக நபரிடம் பெக்கெட் தன்னையறியாமல் சொல்லிவிடுகிறாள்: சுடப்பட்ட நாளின் ஒவ்வொரு நொடியும் தனக்கு நினைவிருக்கிறது என்று.

அந்த வாரம் ரசிகர்கள் பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் என்று பிரிந்து நின்றார்கள். பத்து மாதம் ஒருவனை இப்படி வைத்திருப்பது அநியாயம் என்றது ஒரு கட்சி. அம்மாவைக் கொன்றவர்களைக் கண்டுபிடிக்கும்வரை தன் மனதைச் சுற்றி எழுப்பிய சுவர் இடியாது என்று பூங்கா ஊஞ்சலில் உட்கார்ந்து அவள் அவனிடமே சொன்னாளே, அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும் என்றது எதிர்க்கட்சி. தவிர, கேசில் மட்டும் யோக்கியனா? அவளுக்குத் தெரியாமல் அவள் அம்மாவின் வழக்கைத் தோண்டிக்கொண்டிருந்தான். அவள் அதிலிருந்து விலகி இருந்தால்தான் உயிரோடு இருப்பாள் என்று முகம் தெரியாத ஒருவரோடு ரகசிய ஒப்பந்தமும் வைத்திருந்தான். இரண்டு பேரும் பொய் சொன்னார்கள், இரண்டு பேரும் அடுத்தவர் நலனுக்காக என்று நம்பிச் சொன்னார்கள். யார் பக்கம் நியாயம் என்று இன்றைக்கும் தீராத வழக்கு அது.

2012 மே 7 அன்று ஒளிபரப்பான அத்தியாயத்தில் இந்த முடிச்சு அவிழ்ந்தது. வழக்கை விட்டுவிடு என்று கேசில் கெஞ்சுகிறான், அவள் மறுக்கிறாள், அவன் போய்விடுகிறான். தன்னைச் சுட்டவனைத் துரத்திப் போய் மொட்டை மாடி விளிம்பில் தொங்கும்போதுதான் அவளுக்கு உறைக்கிறது. காப்பாற்றப்பட்டதும் வேலையை ராஜினாமா செய்கிறாள், மழையில் அதே ஊஞ்சலில் தனியாக உட்கார்கிறாள், பிறகு சொட்டச் சொட்ட நனைந்தபடி அவன் கதவைத் தட்டுகிறாள்.

இந்தக் காட்சி ரசிகர்களுக்கு ஏன் இவ்வளவு பிடித்தது? முத்தத்துக்காக என்று சொல்வது அரைகுறை விடை. நான்கு சீசனாகக் குறுக்கே நின்றது அம்மாவின் கொலை வழக்கு. அதைப் பிடித்துக்கொண்டிருந்தவளும் அவளே, விட்டவளும் அவளே. எழுதியவர்கள் வெளியிலிருந்து ஒரு வில்லியைக் கூட்டி வந்து நிறுத்தவில்லை, விபத்து வைக்கவில்லை. தடை அந்தப் பெண்ணின் குணத்திலிருந்தே முளைத்து, அந்தக் குணம் மாறியதும் விலகியது.

இனி, தயாரிப்பாளர்களின் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். ஹாலிவுட்டில் அதற்குப் பெயரே 'மூன்லைட்டிங் சாபம்'. 1985 மார்ச்சில் இதே ஏபிசியில் தொடங்கிய 'மூன்லைட்டிங்' தொடரில் முன்னாள் மாடல் மேடி ஹேஸின் சொத்தைக் கணக்காளர் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறார். வரிக்கணக்குக்காக நஷ்டத்தில் நடத்தி வந்த ஒரு துப்பறியும் நிறுவனம்தான் அவளுக்கு மிச்சம். அதை மூட வருகிறவளைப் பேசியே மடக்குகிறான் அங்கே வேலை பார்க்கும் டேவிட் அடிசன். மேடியாக சிபில் ஷெப்பர்ட். டேவிட்டாக, அதுவரை யாருக்கும் தெரியாத புரூஸ் வில்லிஸ். இருவரும் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறிப் பேசிய வேகத்தில் வசனத் தாள்கள் மற்ற தொடர்களைவிடத் தடிமனாக இருந்தன.

1987 மார்ச் 31 அன்று அந்த ஜோடி சேர்ந்தது. 1989 மே 14 அன்று தொடர் முடிந்தது. முதல் தேதிக்கும் இரண்டாவது தேதிக்கும் நடுவே கோடு போட்டு, 'சேர்த்தார்கள், செத்தது' என்று தீர்ப்பு எழுதிவிட்டது தொலைக்காட்சி உலகம். கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சேர்ந்த பிறகு அந்த ஜோடியைத் திரையில் ஒன்றாகப் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. ஷெப்பர்ட் 1987 அக்டோபரில் இரட்டைக் குழந்தை பெற்றார். அதனால் மேடியைச் சிகாகோவில் பெற்றோர் வீட்டுக்கு அனுப்பினார்கள். வில்லிஸ் 'டை ஹார்ட்' படப்பிடிப்புக்குப் போனார். இவர்கள் இல்லாத அத்தியாயங்களை ஆபீஸ் வரவேற்பாளர் ஆக்னஸும் அவள் ஜோடி ஹெர்பர்ட்டும் இழுத்துப் பிடித்தார்கள். திரும்பி வரும் மேடி, ரயிலில் பார்த்த வால்டர் பிஷப் என்பவரைத் திடீரென்று கல்யாணம் செய்துகொள்கிறாள். ஷெப்பர்டோடு ஒத்துப்போகாமல் தொடரை உருவாக்கிய கிளென் கார்டன் கேரனே வெளியேறினார். 1988 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை எழுத்தாளர் வேலைநிறுத்தம். அது முடிந்து வந்த ஐந்தாம் சீசனின் முதல் அத்தியாயத்தில், மேடியின் வயிற்றுக்குள் இருக்கும் சிசுவாக புரூஸ் வில்லிஸே நடித்தார். இவ்வளவுக்குப் பிறகும் ரசிகர்கள் ஓடியதற்கு ஒரு முத்தம்தான் காரணம் என்றால், பிரேதப் பரிசோதனை செய்தவரை மாற்ற வேண்டும்.

கல்யாணமான ஜோடி துப்பறிந்தால் சுவாரசியம் இருக்காது என்பதும் பழைய ஆதாரத்தின் முன் நிற்காது. டேஷியல் ஹாமெட்டின் நாவலை வைத்து 1934-ல் வந்த 'தி தின் மேன்' படத்தில் நிக், நோரா இருவரும் முதல் காட்சியிலிருந்தே கணவன் மனைவி. குடிப்பார்கள், கிண்டலடிப்பார்கள், நடுவில் கொலையும் கண்டுபிடிப்பார்கள். 1947 வரை மொத்தம் ஆறு படங்கள் வந்தன. 1979 முதல் 1984 வரை ஏபிசியே காட்டிய 'ஹார்ட் டு ஹார்ட்' தொடரிலும் துப்பறிந்தது தம்பதிதான். சொந்த அலமாரியில் இருந்த ஆதாரத்தையே சேனல் மறந்துவிட்டது!

தடையை எப்படி வைக்க வேண்டும் என்பதில் இங்கிலாந்தின் டாரதி எல். சேயர்ஸை இதுவரை யாரும் மிஞ்சவில்லை. அவருடைய பிரபுக்குலத் துப்பறிவாளர் பீட்டர் விம்சி, 1930-ல் வந்த நாவலில் முன்னாள் காதலனை விஷம் வைத்துக் கொன்றதாகக் கூண்டில் நிற்கும் நாவலாசிரியை ஹேரியட் வேனைப் பார்த்ததுமே மனதைப் பறிகொடுக்கிறார். சிறைக்கே போய்க் கல்யாணத்துக்குக் கேட்கிறார். தூக்குக் கயிற்றிலிருந்து காப்பாற்றியும் விடுகிறார். அவள் மாட்டேன் என்கிறாள். உயிரைக் காப்பாற்றியவனிடம் பட்ட நன்றிக்கடன் கழுத்தை அழுத்தும்போது சமமாக நின்று காதலிப்பது எப்படி? 1935-ல் வந்த 'காடி நைட்' நாவலின் கடைசியில்தான் சம்மதிக்கிறாள். இடையில் ஐந்து வருடம், ஒரு வில்லன் கூட இல்லை. பிபிசி 1987-ல் இந்த நாவல்களில் மூன்றைத் தொடராக எடுத்து, அந்தச் சம்மதத்தோடு நிறுத்தியது. அமெரிக்காவில் மேடியும் டேவிட்டும் சேர்ந்த அதே வருடம் என்பது தற்செயல்தான்.

சாபம் என்பது உண்மையானால் 'கேசில்' 2013-ல் மூடியிருக்க வேண்டும். அந்த மழை இரவுக்குப் பிறகு மேலும் நான்கு சீசன் ஓடியது. ஐந்தாம் சீசனில் இருவரும் போலீஸ் நிலையத்தில் யாருக்கும் தெரியாமல் காதலை மறைக்கப் படும் பாடு தொடரின் நகைச்சுவைக்குப் புது ரத்தம் பாய்ச்சியது.

அடி விழுந்தது 2014 மே மாதம். ஆறாம் சீசனின் கடைசி அத்தியாயம், கல்யாண நாள். பெண் அலங்காரத்தோடு காத்திருக்கிறாள், கேசிலின் கார் பள்ளத்தில் எரிந்துகொண்டிருக்கிறது. அத்தியாயம் முடிந்துவிட்டது. வருடம் முழுக்கக் கல்யாண ஏற்பாட்டைக் காட்டிவிட்டுக் கடைசி நிமிடத்தில் பந்தலைப் பிரித்ததில் ரசிகர்களுக்கு வந்த கோபம் சாதாரணமானதில்லை. அடுத்த சீசனில் கேசில் இரண்டு மாதம் கழித்து நடுக்கடலில் ஒரு படகில் கிடைக்கிறான், நினைவு அழிந்த நிலையில். நினைவிழப்பு! பகல் நேர சீரியலில் புளித்துப்போன சரக்கு. நவம்பரில் எளிமையாகக் கல்யாணம் செய்துவைத்த பிறகுதான் கூட்டம் கொஞ்சம் தணிந்தது.

எட்டாம் சீசனில் பொறுப்புக்கு வந்த அலெக்ஸி ஹாலி, டெரன்ஸ் பால் வின்டர் இருவரும் இன்னொரு படி மேலே போனார்கள். கேப்டனாகப் பதவி உயர்ந்த பெக்கெட், 'லாக்சாட்' என்ற மர்மச் சதிகாரனைப் பிடிக்கப் புறப்படுகிறாள். கணவன் கூட இருந்தால் அவன் உயிருக்கு ஆபத்து என்று காரணம் கூடச் சொல்லாமல் வீட்டை விட்டுப் போகிறாள். கல்யாணமான ஜோடிக்குப் பழைய துரத்தல் விளையாட்டைத் திருப்பித் தரும் முயற்சி இது என்பது பார்த்தவர்களுக்கெல்லாம் புரிந்தது. ரசிகர்கள் இதை எதிர்த்ததை 'ஜோடி பிரிந்த துக்கம்' என்று ஒதுக்கியவர்கள் அவர்கள் வைத்த வாதத்தைக் கேட்கவில்லை. வழக்கா, இவனா என்ற கேள்விக்கு 2012-ல் அவள் வேலையைத் தூக்கி எறிந்தே பதில் சொல்லிவிட்டாள். அதே கேள்விக்கு இப்போது நேர்மாறான பதில் சொல்ல வைத்தால், நான்கு வருடம் பார்த்து வளர்த்த பெண் யார்? துப்பறியும் கதையில் முதல் அத்தியாயத்துத் தடயம் கடைசி அத்தியாயத்தோடு முரண்பட்டால் எழுதியவரைத்தான் பிடிப்போம்.

2016 ஏப்ரலில் ஸ்டானா கேட்டிக் அடுத்த சீசனில் இல்லை என்று செய்தி வந்தது. செலவுக் குறைப்பு என்றார்கள். பெக்கெட் இல்லாத 'கேசில்' எதற்கு என்று ரசிகர்கள் கொதித்தார்கள். மே மாதம் ஏபிசி தொடரையே ரத்து செய்தது. மே 16 அன்று வந்த கடைசி அத்தியாயத்தில் இருவரும் குண்டடி பட்டுச் சமையலறைத் தரையில் ரத்தத்தில் கிடக்கிறார்கள், கை நீட்டித் தொட்டுக்கொள்கிறார்கள். அடுத்த விநாடி, ஏழு வருடம் கழித்து. அதே வீடு, காலை உணவு மேஜை, மூன்று குழந்தைகள். சீசன் தொடர்ந்தால் ஒரு முடிவு, தொடராவிட்டால் ஒரு முடிவு என்று எடுத்து வைத்திருந்ததில் ஒட்டப்பட்ட துண்டு அது. ஒட்டுப் போட்ட தையல் வெளியே தெரிந்தாலும் பலர் மன்னித்துவிட்டார்கள்.

ரசிகர்கள் எப்போதும் சரியாகத்தான் படிப்பார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. பிபிசியின் 'ஷெர்லாக்' தொடரில் ஹோம்ஸும் வாட்சனும் காதலர்கள் என்று ஒரு பெருங்கூட்டம் நம்பியது. நம்புவதற்கு இடம் கொடுத்தது தொடர்தான். இருவரையும் ஜோடி என்று மற்ற பாத்திரங்கள் தவறாக நினைக்கும் நகைச்சுவை முதல் அத்தியாயத்திலிருந்தே உண்டு. 2017 ஜனவரியில் நான்காம் சீசன் அந்தக் காதலைச் சொல்லாமலே முடிந்தபோது, சில ரசிகர்கள் ஏமாற்றத்தை ஏற்க மறுத்து விசாரணையைத் தொடர்ந்தார்கள். ரகசியமாக இன்னொரு அத்தியாயம் இருக்கிறது. அடுத்த ஞாயிறு பிபிசி காட்டப்போகும் 'ஆப்பிள் ட்ரீ யார்ட்' என்ற புதுத் தொடர் அதன் மறைவேடம் என்றார்கள். ஞாயிறு வந்தது. 'ஆப்பிள் ட்ரீ யார்ட்' என்பது 'ஆப்பிள் ட்ரீ யார்ட்' ஆகவே இருந்தது. இந்த வேடிக்கைக்கு இருண்ட பக்கமும் உண்டு. வாட்சனின் மனைவி மேரியாக நடித்த அமாண்டா அபிங்டன், தனக்குக் கொலை மிரட்டல்கள் வந்ததைப் பேட்டிகளில் சொன்னார். ஜோடிக்கு நடுவில் ஒரு பாத்திரம் வந்ததற்கு நடிகையை மிரட்டுவது ரசனையில் சேர்த்தியில்லை; அதற்குச் சட்டத்தில் வேறு பெயர் இருக்கிறது.

மூலக் கதைகளை எழுதிய கோனன் டாயில் இந்த விஷயத்தில் அலட்டிக்கொள்ளாதவர். அமெரிக்க நடிகர் வில்லியம் ஜில்லெட் ஹோம்ஸை நாடக மேடைக்குக் கொண்டுவரும்போது, அவருக்குக் கல்யாணம் செய்து வைக்கலாமா என்று தந்தி அடித்துக் கேட்டார். கட்டிவையுங்கள், கொல்லுங்கள், உங்கள் இஷ்டம் என்ற பொருளில் பதில் போயிற்று. ஐரீன் ஆட்லர் ஹோம்ஸோடு நேரடியாக மோதுவது 1891-ல் வந்த ஒரே ஒரு சிறுகதையில். அதை வைத்து அவரை ஹோம்ஸின் காதலியாக்கிய நாவல்களும் படங்களும் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன.

இந்த விளையாட்டில் நேர்மையான சண்டை நடந்தது 1993-ல் தொடங்கிய 'எக்ஸ்-ஃபைல்ஸ்' தொடரை வைத்துத்தான். எஃப்பிஐயின் மல்டரும் ஸ்கல்லியும் சேர வேண்டும் என்றவர்கள் 'ஷிப்பர்'. சேரவே கூடாது என்றவர்கள் 'நோரோமோ'. இரண்டாம் கட்சிக்கும் கதை மேல் கொள்ளைப் பிரியம். ஆணும் பெண்ணும் சமமான நண்பர்களாக மட்டும் இருந்து வேலை பார்ப்பதைத் திரையில் வேறு எங்கே பார்ப்பது என்பது அவர்கள் கேள்வி. 1998-ல் வந்த திரைப்படத்தில் இருவர் உதடும் நெருங்கும் நேரத்தில் ஸ்கல்லியை ஒரு தேனீ கொட்டியது. ஷிப்பர்களுக்கு அந்தத் தேனீ மேல் இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

'கேசில்' முடிந்து இரண்டு வருடத்தில், 2018-ல், அலெக்ஸி ஹாலி ஃபிலியனை வைத்தே 'தி ரூக்கி' என்ற போலீஸ் தொடரைத் தொடங்கினார், அதே ஏபிசியில். ரசிகர்கள் இம்முறை கதாநாயகனை விட்டுவிட்டார்கள். லூசி சென் என்ற பயிற்சிக் காவலரையும், அவளைக் கடுகடுவென்று பயிற்றுவித்த டிம் பிராட்ஃபோர்டையும் பிடித்துக்கொண்டு 'சென்ஃபோர்ட்' என்று பெயர் வைத்தார்கள். ஐந்தாம் சீசனில் ஜோடி சேர்ந்தது. ஆறாம் சீசனில் டிம், தான் அவளுக்குத் தகுதியில்லாதவன் என்று தானே முடிவு செய்து விலகிப் போனான். பழைய 'கேசில்' ரசிகைகளுக்கு லாக்சாட் நினைவு வந்திருந்தால் வியப்பில்லை. ஆனால் இங்கே சதிகாரன் இல்லை. கடந்த காலத்தை மறைக்கும் மனிதன் ஒருவனின் வெட்கம் இருந்தது, அதிலிருந்து மீள அவனுக்கு நேரமும் தரப்பட்டது. ஏழாம் சீசனின் முடிவில் தன் வீட்டிலேயே வந்து இருந்துவிடும்படி அவளிடம் மனதைத் திறந்து நீளமாகப் பேசுகிறான். பேசி முடித்துவிட்டுப் பார்த்தால், இரவுப் பணி பார்த்த களைப்பில் லூசி தூங்கிப்போயிருக்கிறாள்.